ஒத்திகை வெள்ளமும் அசல் வெள்ளமும்

நெருப்பு, சக்கரம், அரசாங்க பென்ஷன் ஆகியவற்றுக்குப் பிறகு மனித குலம் கண்ட மகத்தான சாதனை எது என்று கேட்டால், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் தியாகராசா ஒரு நொடியும் தயங்காமல் தம் வீட்டு முன்னறையில் இருக்கும் கணினியைக் காட்டுவார். அந்தக் கணினி ஒரே செய்தியை இரண்டாம் முறை வாங்காது. செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு உலகம் எத்தனையோ கருவிகளைச் செய்திருக்கிறது. வந்த செய்தியை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பும் பண்பாடு உள்ள கருவி இது ஒன்றுதான் என்பது அவருடைய அசைக்க முடியாத கருத்து.

இந்தக் கருத்து திடீரென்று வந்ததல்ல. தியாகராசா ஓர் அரசாங்க இலாகாவில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வருகிற மனு முன்பே வந்த மனுவா என்று கண்டுபிடிப்பதில் அந்த இலாகாவில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தண்ணீர்க் குழாய் கேட்டு ஒரு கம்பத்துக்காரர், அதாவது கிராமத்துக்காரர், மூன்றாம் முறையாக எழுதினால், முதல் இரண்டு மனுக்களுக்கும் பதில் போகவில்லை என்ற அற்ப விஷயம் அவர் கண்ணில் படாது. மூன்றும் ஒன்றே என்ற பேருண்மைதான் படும். மூன்றையும் சேர்த்து ஒரே கோப்பில் கட்டி, அந்தக் கோப்பை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடிப்பார்.

"ஒருக்காச் சொன்னால் அது செய்தி. ரெண்டாந்தரம் சொன்னால் கரைச்சல்," என்பது அவர் தம் மனைவி குணபூசணிக்கு அடிக்கடி சொல்லும் வாக்கியம்.

"ஒருக்காச் சொன்னால் உங்கட காதில விழுகிறதில்லையே," என்று குணபூசணி இரண்டு முறை சொல்லுவார்.

ஓய்வு பெற்ற பின் பொழுதுபோக்காக அமெச்சூர் வானொலியைப் பிடித்துக்கொண்டார். கூரைமேல் கம்பி கட்டி, உரிமம் வாங்கி, முன்பின் தெரியாத ஒருவரிடம் "எனக்குக் கேட்கிறது, உங்களுக்குக் கேட்கிறதா?" என்று கேட்டு, கேட்கிறது என்று பதில் வந்ததும் பேச வேறு விஷயமில்லாமல் விடைபெறும் உயர்ந்த கலை அது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தக் கலைக்குக் கணினி வந்து சேர்ந்தது. பேசவே வேண்டாம், தட்டெழுதினால் போதும். கணினி அதைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, வானொலி அலையில் ஏற்றி, அடுத்த நிலையத்துக்கு அனுப்பும். அந்த நிலையம் அதற்கடுத்த நிலையத்துக்கு அனுப்பும்.

எல்லாரும் எல்லாருக்கும் கொடுப்பதால் ஒரே செய்தி பல வழிகளில் வந்து நிற்கும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள் என்றால், அதைக் கோயிலில் ஒருவர் சொல்லுவார், பாசார்ச் சந்தையில் ஒருவர் சொல்லுவார், கிள்ளானில் இருக்கிற அத்தை போன் போட்டும் சொல்லுவார். மனிதர்கள் என்றால் மூன்று முறையும் வாயைப் பிளந்து "அப்படியா!" என்று கேட்டுக்கொள்ளலாம். கணினிக்கு அந்த நாகரிகம் தெரியாது.

ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் பிறந்த இடத்திலேயே ஓர் எண் போட்டுவிடுவார்கள். டெங்கில் நிலையத்தில் முதலில் எழுதப்பட்டது "டெங்கில் 1". அடுத்தது "டெங்கில் 2". கொடுக்க வரும் நிலையம் செய்தியைப் பிரித்துக் காட்டாது. எண்ணை மட்டும் நீட்டும். வாங்கும் நிலையம் தன் ஞாபகத்தைத் தடவிப் பார்க்கும். புதிய எண் என்றால் "கொடு" என்று சொல்லும். முன்பே பார்த்த எண் என்றால் "இருக்கிறது, வேண்டாம்" என்று சொல்லும். அந்தப் பதிலைக் கேட்டதும், கொடுக்க வந்த நிலையம் "செய்தி சேர்ந்துவிட்டது" என்று திருப்தியாகக் குறித்துக்கொண்டு போய்விடும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு பேருமே பார்க்க மாட்டார்கள்.

இந்த இடத்துக்கு வரும்போது தியாகராசாவுக்குக் கண் கலங்கும். இலாகாவில் அவர் ஒரு மனுவை ஒதுக்க வேண்டுமென்றால், பாவம், அதை ஒரு முறையாவது படிக்க வேண்டியிருந்தது.

அந்த மென்பொருளைச் செய்த வெள்ளைக்காரர்கள் ஒரே ஒரு தவறு செய்திருந்தார்கள். பழைய எண்களைக் கணினி ஒரு மாதத்தில் மறந்துவிடும்படி வைத்திருந்தார்கள். "பள்ளத்தாக்கு வானொலி அன்பர் கழக"த்தின் தலைவர் என்ற முறையில் தியாகராசா அதைத் திருத்தினார். இனி எந்த எண்ணையும் எந்த நிலையமும் எந்தக் காலத்திலும் மறக்கக் கூடாது என்று எல்லா உறுப்பினர்களுக்கும் சுற்றறிக்கை போயிற்று.

கழகச் செயலாளர் யோகநாதன் கிள்ளானில் வங்கி அதிகாரி. கிள்ளான் நிலையத்தை நடத்துபவரும் அவர்தான். கொஞ்சம் யோசிக்கிற பழக்கம் உள்ளவர்.

"அங்கிள், எப்பவாவது வேற செய்திக்கு அதே நம்பர் விழுந்திட்டால்?"

"நம்பர் அதெண்டால் செய்தியும் அதுதான், தம்பி."

"இல்லை, வந்து..."

"இதை நீர் போன கூட்டத்திலயும் கேட்டனீர்."

யோகநாதன் உடனே யோசிப்பதை நிறுத்திக்கொண்டார். வங்கியில் அவருக்கு வெகு சீக்கிரம் பதவி உயர்வு கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

இப்படிப் பழுதில்லாத வலையமைப்பு ஒன்று இருக்கும்போது அது நாட்டுக்குப் பயன்பட வேண்டாமா? வெள்ளம் முதலான ஆபத்துக் காலங்களில் செய்தி சேர்க்கும் "அங்கீகரிக்கப்பட்ட அவசர வலையமைப்பு" என்று ஒரு நற்சான்றிதழ் வாங்கிவிட வேண்டும் என்று தியாகராசா ஆசைப்பட்டார். டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவரைப் பிடித்தார்கள். முதலில் ஓர் ஒத்திகை நடத்திக் காட்டுங்கள், பிறகு விழா வைத்துச் சான்றிதழ் தருகிறேன் என்றார் டத்தோ.

ஒத்திகைக்கு டெங்கிலுக்கு அந்தப் பக்கம் ஆற்றோரமாக இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே மேட்டில் இருந்த ஆலையில் மின்சார வேலை பார்த்த பழனியப்பன் அண்மையில்தான் உரிமம் எடுத்திருந்தார். கழகம் அவருக்கு ஒரு பழைய கணினியைக் கொடுத்து, ஆலையின் மாடியில் "டெங்கில் நிலைய"த்தைத் திறந்து வைத்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் எல்லாம் பள்ளத்தில், ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தன. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை பள்ளத்துக்கும் மேட்டுக்கும் நடுவில் இருந்தது.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொட்டு மழை இல்லாத நல்ல வெயிலில், வெள்ளம் வந்தது. பன்னிரண்டு செய்திகளைத் தியாகராசா முந்தின வாரமே பிழையற்ற ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார். பழனியப்பன் அவற்றை வரிசையாகத் தட்டெழுதினால் போதும். கழகத்தின் ஃபைபர் படகு லோரியில் வந்து இறங்கியது. தண்ணீர் இல்லாததால் நான்கு பேர் அதைப் புல்லின்மேல் இழுத்து வந்தார்கள். காப்பாற்றப்பட ஓர் ஆள் வேண்டுமே என்று ஆயாக்கொட்டகை ஆயா வள்ளியம்மாவைப் பிடித்து உட்கார வைத்தார்கள். வள்ளியம்மா வாயைத் திறந்தால் மூன்று லயத்துக்குக் கேட்கும். அந்தத் தோட்டத்தில் வானொலி இல்லாத குறை அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்ததற்கு அவர்தான் காரணம்.

"கிராணி ஐயா, நான் என்னாங்க செய்யணும்?"

"நான் கணக்கு எழுதுற கிராணி இல்லை. கழகத்தின்ர தலைவர்."

"சரிங்க கிராணி ஐயா."

ஐந்தாம் செய்தி போய், ஆறாம் செய்தி போய், படகு கொட்டகை வாசலுக்கு வந்து நின்றது. படம் பிடிக்கிறவர் தயாராக நின்றார். பாதிக்கப்பட்டவரைக் காணோம். வெயிலில் படகை இழுத்து வருகிறார்களே என்று வள்ளியம்மா உள்ளே தேநீர் போடப் போயிருந்தார்.

தியாகராசாவுக்கு வந்ததே கோபம். "வெள்ளத்தில அகப்பட்ட ஆள் தேத்தண்ணி போடுறதே? நீர் இடத்தை விட்டு அசையக் கூடாது. படகு வந்து நிக்கிற நேரம் ஆள் இல்லையெண்டால் அது திரும்பிப் போயிடும். விளங்குதோ?"

"வெளங்குதுங்க." கையில் தேநீர்க் குவளைகளோடு வள்ளியம்மா ஒரு நிமிடம் நின்றார். "நெசமாவே வெள்ளம், பாஞ்சிர் வந்தா இந்தப் போட்டு வருமாங்க ஐயா? கீழ் லயத்துல கெழடு கட்டைங்க இருக்கு. அதுங்களால மேடு ஏற முடியாது."

"செய்தி ஒருக்கா வந்தால் போதும். போட்டு வரும்."

"அப்ப நான் எந்திரிக்க மாட்டேங்க," என்று சொல்லிப் பலகையில் உட்கார்ந்தார். படம் நன்றாக விழுந்தது. போகும்போது கழகத்தார் கொட்டகைச் சுவரில் "படகு நிற்கும் இடம்" என்று ஒரு பலகையும் அடித்துவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு டெங்கில் நிலையம் மற்றவர்களின் செய்திகளை வாங்கி அனுப்பியதே தவிர, சொந்தமாக ஒரு செய்தியும் எழுதவில்லை. தோட்டத்து மக்களுக்கு நாட்டுக்குச் சொல்ல என்ன இருக்கப் போகிறது? எனவே எல்லா நிலையங்களின் மறதியற்ற நினைவிலும் டெங்கில் 1 முதல் டெங்கில் 12 வரை பத்திரமாக இருந்தன. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மாலை இடி இறங்கி டெங்கில் நிலையத்தின் ஹார்ட் டிஸ்க் கருகிப் போயிற்று. பழனியப்பன் எங்கிருந்தோ பழைய டிஸ்க் ஒன்றைத் தேடிப் பிடித்து, மென்பொருளைப் புதிதாகப் போட்டு, நிலையத்தை எழுப்பிவிட்டுப் பிரிக்பீல்ட்ஸுக்குப் போன் செய்தார். தியாகராசா விழா ஏற்பாட்டில் இருந்தார்.

"அங்கிள், இடி விழுந்து டிஸ்க் போயிருச்சு. புதுசா போட்டிருக்கேன்."

"நல்லது தம்பி, நல்லது."

மறுநாளும் போன் வந்தது.

"அங்கிள், பழனியப்பன் பேசறேன். அந்த டிஸ்க் புதுசா போட்டேன்ல..."

"இதை நேற்றே சொல்லிப்போட்டீர்."

"ஆமா, அதுல ஒண்ணு கேக்கணும். எல்லாமே ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்குது, அதனால..."

"தம்பி, ஒருக்காச் சொன்னால் அது செய்தி," என்று ஆரம்பித்து, தியாகராசா தம் வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்து, போனை வைத்தார். தாம் அதை அன்று மூன்றாவது ஆளுக்குச் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. தலைவர் சொல்வது எத்தனை முறை சொன்னாலும் "அறிவுரை"தானே தவிரக் கரைச்சல் ஆகாது.

விழா நாளும் வந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபம். வாழைமரம், நாதஸ்வர கேசட், வடை. ஆலையில் வேலையிருந்த பழனியப்பனைத் தவிர, கழகத்தின் மற்ற எல்லா நிலையத்தாரும் தங்கள் தங்கள் நிலையங்களை அவை பாட்டுக்கு ஓடவிட்டு, பூட்டிவிட்டு, சட்டை இஸ்திரி போட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். டத்தோ பேசும்போது கரகரக்கக் கூடாது என்று கைவானொலிகள் அனைத்தையும் அணைத்து வைக்கும்படி உத்தரவு. மண்டபத்துக்கு வெளியே லோரியின்மேல் கழகத்தின் படகு மல்லிகைச் சரம் சூடி, சிவப்பு ரிப்பன் கட்டி நின்றது. டத்தோ கத்தரித்த பிறகுதான் அது "அதிகாரபூர்வமான படகு" ஆகும்.

மேடையில் பிரிக்பீல்ட்ஸ் நிலையத்தையே கொண்டுவந்து வைத்து, கணினித் திரையில் தெரிவதைப் பெரிய டிவியிலும் தெரியும்படி செய்திருந்தார் தியாகராசா. கூரையில் ஏரியல். டத்தோ வந்து, மாலை வாங்கி, மாலையைக் கழற்றி, உட்கார்ந்தார். மூன்று நாளாக விடாத மழை தகரக் கூரைமேல் கொட்டிக்கொண்டிருந்ததால், தியாகராசா மைக்கைப் பிடித்துக் கத்தித்தான் விளக்க வேண்டியிருந்தது.

விளக்கம் பாதியில் இருக்கும்போதே டிவியில் ஒரு வரி ஓடியது.

டெங்கில் 1. இருக்கிறது, வேண்டாம்.

தியாகராசாவின் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு வாய்ப்பு தானாக வந்து மடியில் விழும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "டத்தோ, பாருங்கோ! டெங்கிலில இருந்து ஆரோ ஆகஸ்ட் மாதத்துப் பழைய செய்தியைத் திரும்ப அனுப்பப் பாக்கினம். எங்கட மிசின் விடேல்லை!"

"பாகுஸ்! பாகுஸ் லா!" என்று மலாயில் பாராட்டினார் டத்தோ. கூட்டம் கைதட்டியது.

டெங்கில் 2. இருக்கிறது, வேண்டாம்.

மறுபடியும் கைதட்டல். டெங்கில் 3 வந்தபோது கைதட்டலோடு ஒரு விசிலும் வந்தது. யோகநாதன் மட்டும் முதல் வரிசையில் உட்கார்ந்து, கையைத் தட்டிக்கொண்டே நெற்றியைச் சுருக்கினார்.

நான்காவது வருவதற்குள் குணபூசணி சமையல் பக்கமிருந்து ஈரக் கையோடு மேடை ஓரத்துக்கு வந்தார்.

"இஞ்சேருங்கோ. மண்டபத்துப் போனில என்ர சிநேகிதி மார்க்கிரட் கூப்பிட்டவ, செமினியில இருந்து. டெங்கில் பக்கம் ஒரே வெள்ளமாம். ஆத்தோரத்துத் தோட்டம் எல்லாம் தண்ணிக்குள்ள தாண்டு போச்சாம்."

"அது ஆகஸ்டில நடந்தது," என்றார் தியாகராசா, மைக்கைக் கையால் மூடிக்கொண்டு. "பழைய கதை. நாங்கள்தானே நடத்தினது."

"இப்ப மழை பெய்யுதே!"

"ஒத்திகையைப் பற்றி ஆரோ சொல்லியிருப்பினம். அது இப்பதான் செமினிக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. மனிசர் வழியாச் செய்தி போனால் இப்படித்தான்."

குணபூசணி உள்ளே போய், மார்க்கிரட்டைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, மறுபடி வந்தார். இதற்குள் டெங்கில் 6 நிராகரிக்கப்பட்டு, டத்தோ தாமே எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

"உண்மையா வெள்ளமாம். போன் கம்பியெல்லாம் அறுந்து கிடக்காம். வெளியில போட்டு சும்மாதானே நிக்குது, அனுப்புங்கோவன்!"

"டத்தோ இன்னும் ரிப்பன் வெட்டேல்லை."

"வெள்ளமெண்டு சொல்லுறன்!"

"ஒருக்காச் சொல்லிப்போட்டீர், பூசணி."

குணபூசணி அவரைப் பார்த்தார். திருமணமாகி இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை கோபித்துக்கொண்டவர்தான். அப்படி ஒரு பார்வையைத் தியாகராசா அதுவரை வாங்கியதில்லை. டெங்கில் 7 வந்துவிட்டதால் அதைப் பற்றி யோசிக்க நேரமும் இருக்கவில்லை.

குணபூசணி நேராக வெளியே போனார். லோரி டிரைவர் பக்கிரிசாமி வடை தின்றுகொண்டிருந்தார். "இந்தப் போட்டை டெங்கிலுக்குக் கொண்டு போறியா தம்பி?" என்று கேட்டார். பக்கிரிசாமி ரிப்பனைப் பார்த்து, "அங்கிள் சைன் போட்டுக் குடுத்தாத்தான் வண்டி எடுக்கலாம், ஆன்டி," என்றார். சரியான பதில். ஒழுங்குமுறை அந்தக் கழகத்தில் லோரி டிரைவர் வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

உள்ளே டெங்கில் 12 நிராகரிக்கப்பட்டது. ஒரே நாளில் பன்னிரண்டு பிரதிகளை வாசலில் நிறுத்திய நிலையம் வேறெங்கும் உண்டா என்று தியாகராசா கூட்டத்தைக் கேட்டார். டத்தோ நற்சான்றிதழை எடுத்துக் கையில் கொடுத்தார். படம் பிடிக்கிறவர் "கொஞ்சம் சிரிங்க அங்கிள்," என்றார். தியாகராசா சிரிக்கும்போதே டிவியில் புதிதாக ஒரு வரி ஓடியது.

டெங்கில் 13. கொடு.

"பார்த்தீங்களோ, டத்தோ!" தியாகராசாவுக்குக் குரல் தழுதழுத்தது. "பழசெண்டால் நிப்பாட்டும். புதுசெண்டால் வரவேற்கும். இது புதுசு! வாசிக்கிறன், கேளுங்கோ."

ஆங்கிலத்தில் வந்த அந்தச் செய்தியின் முதல் வரியை அவர் மைக்கில் கணீரென்று வாசித்தார்.

"இனிப் படகு தேவையில்லை."

மண்டபம் அதிரக் கைதட்டல். அடுத்த வரிக்காக எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அடுத்த வரியை அவர் வாய்விட்டு வாசிக்கவில்லை. "ஆயாக்கொட்டகை இடிந்து விழுந்துவிட்டது. ஆயா வள்ளியம்மா இறந்துவிட்டார்," என்று திரையில் இருந்தது. டிவியில் எழுத்து சிறியதாக இருந்ததால் பின்வரிசைக்காரர்கள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னா, முடிஞ்சிருச்சா?" என்று டத்தோ கேட்டார். கிள்ளானில் அவருக்கு வேறொரு விழா காத்திருந்தது.

"முடிஞ்சுது, டத்தோ," என்றார் தியாகராசா.

"குட். ஃபினிஷிங் எப்பவும் நல்ல செய்தியா இருக்கணும்." டத்தோ போகிற வழியில் ரிப்பனையும் கத்தரித்தார். படகு அதிகாரபூர்வமானது.

கழகம் சும்மா இருந்துவிடவில்லை. அந்த வாரமே அவசரக் கூட்டம் கூடியது. வேறொரு உறுப்பினரின் மாமனாருக்குப் போன வருடம் நிறைவேற்றிய அனுதாபத் தீர்மானத்தில் பெயரை மட்டும் மாற்றி, ஒரு மனதாக நிறைவேற்றினார்கள். அது பிரதிதானே என்று யாரும் ஆட்சேபிக்கவில்லை. வலையமைப்பு "விதிகளின்படி பழுதின்றி இயங்கியது" என்றும் பதிவு செய்தார்கள். அது முழு உண்மை.

தண்ணீர் வடிந்த பிறகு பழனியப்பன் ஒரு உரச்சாக்கில் கணினியைப் போட்டுக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்தார். முன்னறையில் சாக்கை இறக்கி வைத்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. சுவரில் நற்சான்றிதழ் கண்ணாடி போட்டுத் தொங்கியது.

"நீங்க குடுத்த சாமான், அங்கிள். எல்லாம் சரியா இருக்கு, பாத்துக்குங்க."

தியாகராசா தொண்டையைக் கனைத்தார். "தம்பி, நம்பர் ஒண்டில இருந்து திரும்பத் தொடங்கினதாலதான்... நீர் அதை எனக்குச் சொல்லியிருக்க வேணும்."

"சொல்ல வந்தேன். ரெண்டாவது தடவ போன் போட்டேன்ல, அதுக்குத்தான்."

குணபூசணி தேநீரோடு வந்து நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்னதான் நடந்தது?" என்றார் தியாகராசா கடைசியில்.

பழனியப்பன் சாக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "காலையில தண்ணி முழங்கால் அளவுதான். போன் செத்துப் போச்சு. லோரி பேட்டரியில மிசின ஓட்டி மொத செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்திருச்சு, இருக்குதுன்னு. கிள்ளானுக்கு அனுப்பினேன், அங்கயும் இருக்குதுன்னு வருது. ஓடிப் போய் வள்ளியம்மா அக்காகிட்ட சொன்னேன், கோலாலம்பூருக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்குக்கான்னு. ரொம்ப சந்தோசப்பட்டாங்க. பிள்ளைங்கள எல்லாம் ஆலை லோரியில ஏத்தி விட்டாங்க. நீங்களும் ஏறுங்கன்னேன். கீழ் லயத்துல கெழடுங்க கூரை மேல உக்காந்திருக்கு, போட்டு வந்து ஆளில்லாட்டி திரும்பிப் போயிரும், நான் இருந்துதான் வழி காட்டணும்னு சொல்லிட்டாங்க. நான் மேல போயி திரும்பத் திரும்ப அனுப்பறேன். ஒவ்வொண்ணுக்கும் உடனே பதில். இருக்குது, இருக்குதுன்னு. எனக்கு என்னா தெரியும்? போட்டு பாதி வழியில வந்துகிட்டு இருக்குன்னு நெனச்சேன்."

"கூரையில இருந்த ஆக்கள்?"

"மணல் அள்ளற சீனக் கிழவன் ஒருத்தன் தன் போட்ட எடுத்துக்கிட்டு வந்து ஏத்திக்கிட்டான். அவனுக்கு யாரும் செய்தி அனுப்பல. அக்கா போட்ட கத்தல் ஆத்துக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கு. அவன் கீழ் லயத்துல இருந்து திரும்பி வரப்ப கொட்டகை இல்ல."

வெளியே யாரோ ரொட்டிக்காரர் மணியடித்துக்கொண்டு போனார். மனு, கோப்பு, அலமாரி எல்லாம் ஒரு நொடி தியாகராசாவின் கண் முன்னே வந்து போயின. இது வேறு ஏதாவதாக இருக்கக் கூடாதா, தாம் எதையோ சரியாகக் கேட்காமல் விட்டிருக்கக் கூடாதா என்று அவர் மனம் தவித்தது.

"தம்பி," என்றார். "அவ அசையமாட்டன் எண்டு ஏன் இருந்தவ? அதை இன்னொருக்காச் சொல்லும்."

"ஒரு தடவ சொல்லிட்டேன், அங்கிள்."

பழனியப்பன் குணபூசணியிடம் மட்டும் "வரேன் ஆன்டி" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். குடிக்காத தேநீர் ஆறிப்போய்க் கிடந்தது.

முன்னறையில் கணினி தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. கிள்ளானிலிருந்து ஏதோ எண் வந்தது. இருக்கிறது, வேண்டாம் என்றது. தியாகராசா அதைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சுவரைப் பார்த்தார். சுவரில் சான்றிதழ் இருந்தது. கண்ணாடியில் மனைவியின் முகம் தெரிந்தது.

"மிசின் ஒரு பிழையும் விடேல்லை, பூசணி," என்றார் மெல்ல. "பழசை நிப்பாட்டிச்சுது. புதுப் புதினத்தை வாங்கிச்சுது."

"ஓம்," என்றார் குணபூசணி, குவளையை எடுத்துக்கொண்டே. "அவ உயிரோட இருக்கேக்க பன்னிரண்டு தரம் கூப்பிட்டது உங்களுக்குப் பழசு. செத்தது மட்டும்தான் புதினம்."

ஒரு முறைதான் சொன்னார். தியாகராசாவின் காதில் நன்றாக விழுந்தது.